விசில் இப்போது யாரிடம்?

கரையான்சாவடியில் ஜீனத்தின் வீட்டுக் கடிகாரம் எப்போதும் ஐந்து நிமிடம் முன்னால் ஓடும். அது கெட்டுப்போன கடிகாரம் அல்ல. ஜீனத்தான் அதை அப்படித் திருகி வைத்திருந்தாள். தாமதம் என்றாலே அவளுக்கு வேப்பங்காய்.

அவள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். அவளிடம் ஓர் அளவுகோலும் நான்கு நிறப் பேனாக்களும் விளையாட்டு ஆசிரியர் கொடுத்த ஒரு விசிலும் இருந்தன. இவ்வளவு இருந்தால் உலகத்தையே வரிசையில் நிறுத்திவிடலாம் என்று அவள் நம்பினாள்.

அந்த வாரம், அவள் அத்தா என்று கூப்பிடும் அப்பா அமீருதீனுக்கு ஒரு போன் வந்தது. அமீருதீனிடம் பதின்மூன்று பேர் உட்காரும் வேன் ஒன்று இருக்கிறது. இதுவரை கல்யாண வீட்டுக்காரர்களைத்தான் ஏற்றியிருக்கிறார். ஊர் சுற்றிப் பார்க்க ஒரு குழு கூப்பிட்டது இதுதான் முதல் முறை.

"அம்பத்தூர் எஸ்டேட்ல சட்டை தைக்கிற கம்பெனி. அதுல வேலை செய்யற பொண்ணுங்க. பதினோரு பேர். எல்லாம் போளூர் பக்கத்து ஊருங்க, இங்க ஹாஸ்டல்ல தங்கிக்கினு கீறாங்க" என்றார் அத்தா. "ரெண்டு வருஷமா ஹாஸ்டல், கம்பெனி, ஹாஸ்டல். அவ்ளோதான் பாத்துக்கீறாங்களாம். இந்த ஞாயித்துக்கிழமை ஒரு நாள் பர்மிஷன் கெடைச்சிருக்கு."

"எங்கெங்க போவணுமாம்?" என்று கேட்டாள் அம்மா வஹீதுன்னிசா.

"அதான் சிக்கல். சுரேகான்னு ஒரு பொண்ணு பேசிச்சு. 'எங்களுக்கு ஊரு தெரியாதுண்ணே, நீங்களே பாத்துக் கூட்டிக்கினு போங்க'ன்னு சொல்லிடுச்சு. ஒண்ணே ஒண்ணுதான் சொல்லிச்சு. சாயங்காலம் ஏழு மணிக்கு ஹாஸ்டல் கேட் மூடிடுவாங்களாம். ஒரு நிமிஷம் லேட்டானாலும் அடுத்த தடவை பர்மிஷன் கெடையாதாம்."

ஜீனத் எழுந்து போய் அளவுகோலை எடுத்து வந்தாள்.

"அத்தா, பிளான் நான் போடறேன்."

பதினோரு பேருக்கு ஒரே ஒரு நாள். அதில் ஒரு நிமிடம்கூட வீணாகக் கூடாது. இதை நினைக்கும்போதே அவளுக்கு அந்த அக்காக்கள் மேல் பாசம் வந்துவிட்டது. ரெண்டு வருஷம் பார்க்காததை எல்லாம் ஒரே நாளில் காட்டிவிட வேண்டும் என்று முடிவு செய்தாள்.

மூன்று நாள் உட்கார்ந்து ஒரு பெரிய சார்ட்டில் கட்டம் போட்டாள். திருவேற்காடு அம்மன் கோயில், பூந்தமல்லியில் டிபன், செம்பரம்பாக்கம் ஏரி, பல்லாவரத்தில் விமானம் இறங்குவதைப் பார்ப்பது, பெரிய மால், மெட்ரோ ரயில், அருங்காட்சியகம், கலங்கரை விளக்கம், கடற்கரை. மொத்தம் ஒன்பது இடங்கள். ஏரிக்கு இருபது நிமிடம். விமானத்துக்குப் பதினைந்து. சாப்பாட்டுக்கு இருபத்தைந்து.

அத்தா சார்ட்டைப் பார்த்துவிட்டு மூக்கில் விரல் வைத்தார். "கலெக்டர் ஆபீஸ்ல கூட இப்படிப் போட மாட்டாங்கம்மா" என்று சொல்லி, அதை வேனுக்குள் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி ஒட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. ஹாஸ்டல் வாசலில் பதினோரு பேரும் தலைக்குக் குளித்து, பூ வைத்துக்கொண்டு, வரிசையாக நின்றிருந்தார்கள். வேன் நின்ற இரண்டே நிமிடத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். ஜீனத்துக்கு ஏகப்பட்ட மகிழ்ச்சி. பச்சைப் பேனாவால் முதல் கட்டத்தில் ஒரு 'டிக்' போட்டாள்.

திருவேற்காட்டில் நல்ல கூட்டம். அக்காக்கள் சாமி கும்பிட்டு வரும்வரை ஜீனத்தும் அத்தாவும் வேனுக்குப் பக்கத்தில் செருப்புகளுக்குக் காவல் இருந்தார்கள். திட்டத்தில் இருந்ததைவிட ஏழு நிமிடம் அதிகமாகிவிட்டது. ஜீனத் சிவப்புப் பேனாவை எடுத்து அந்தக் கட்டத்தில் '7 நிமிடம் தாமதம்' என்று எழுதினாள். அம்மனுக்கும் அவள் சலுகை காட்டவில்லை.

பூந்தமல்லியில் டிபன். பொங்கலும் வடையும் வந்தன. ஜீனத் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "இன்னும் நாலு நிமிஷம்தான்க்கா" என்றாள். பிறகு விசிலை ஊதினாள்.

பதினோரு பேரும் ஒன்றாக எழுந்தார்கள். யாரும் இன்னொரு காபி கேட்கவில்லை. சாமுண்டீஸ்வரி என்ற அக்கா மீதி வடையை அப்படியே வாயில் திணித்துக்கொண்டு கை கழுவ ஓடினார். எவ்வளவு நல்ல குழு என்று ஜீனத் நினைத்தாள். அவளுடைய வகுப்பில் விசில் ஊதினால் ஒரு பிள்ளை திரும்பிப் பார்க்காது.

வேன் கிளம்பியது. ஜீனத் சார்ட்டில் '3 நிமிடம் தாமதம்' என்று சிவப்பில் எழுதியபோது, பின்னால் இருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது.

"ஏய் மங்களம், இங்க பாரு" என்றார் சுரேகா. "நம்ம போர்டு வேன்ல ஏறி வந்துடுச்சு."

வேன் முழுக்கச் சிரிப்பு. ஜீனத்தும் கூடவே சிரித்தாள். எதற்கென்று தெரியவில்லை.

"எந்த போர்டுக்கா?"

சன்னல் ஓரத்தில் இருந்த மங்களம்தான் பதில் சொன்னார். அந்தக் குழுவிலேயே அதிகம் பேசாதவர் அவர்.

"எங்க தையல் லைனுக்கு முன்னால ஒரு வெள்ளை போர்டு கீது, பாப்பா. எட்டுல இருந்து ஒம்போது, ஒம்போதுல இருந்து பத்துன்னு இதே மாதிரி கட்டம். ஒரு மணி நேரத்துக்கு எத்தனை பீஸ் தைக்கணும்னு போட்டிருக்கும். கொறைஞ்சா சிவப்புல எழுதுவாங்க."

"சிவப்புல எழுதினா இன்னாக்கா ஆவும்?"

"ஒண்ணும் ஆவாது. அடுத்த ஒரு மணி நேரம் தலை நிமிர மாட்டோம். அவ்ளோதான்."

"நான் காலர்" என்றார் சாமுண்டீஸ்வரி. "காலர் மட்டும்தான். மங்களம் பட்டன். ஒரு முழுச் சட்டை நான் இன்னும் தைச்சதே இல்ல, தெரியுமா?"

மறுபடி சிரித்தார்கள். யாரும் ஜீனத்தைக் குத்திக்காட்டவில்லை. ஆனாலும் அவள் சிவப்புப் பேனாவை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். சார்ட்டை நிமிர்ந்து பார்க்க ஏனோ பிடிக்கவில்லை.

செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் வேன் நின்றது. நிறையத் தண்ணீர் இருந்தது. எதிர்க்கரை தெரியாத அளவுக்குத் தண்ணீர். கரைக்குக் கீழே ஒரு புங்க மரம், அதன் அடியில் நல்ல நிழல். அக்காக்கள் இறங்கி, காற்றில் முந்தானையையும் துப்பட்டாவையும் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

சாமுண்டீஸ்வரி மரத்தடிக்குப் போய்ச் செருப்பைக் கழற்றினார். உட்காரப் போனவர் சட்டென்று நின்று, ஜீனத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"எவ்ளோ நேரம் பாப்பா இங்க?"

"இருபது நிமிஷம்க்கா."

"அப்போ உக்கார வேணாம்" என்று சொல்லி, மறுபடி செருப்பை மாட்டிக்கொண்டார்.

அதை அவர் வருத்தமாகச் சொல்லவில்லை. பழக்கத்தில் சொன்னார். ஜீனத்துக்குத்தான் அது உறைத்தது. ஒரு நிமிடம்கூட வீணாகக் கூடாது என்று அவள் மூன்று நாள் பாடுபட்டாள். கடைசியில் ஒரு அக்கா நிழலில் உட்காரக்கூட நேரம் வைக்காமல் விட்டுவிட்டாளே.

அவள் வேனுக்குப் போனாள். சார்ட்டின் நான்கு மூலையிலும் இருந்த ஒட்டுத்தாளை உரித்தாள்.

"இன்னாம்மா பண்றே?" என்றார் அத்தா.

"பிளானை மாத்தப் போறேன் அத்தா."

"நடுவுலயா? ஒம்போது இடம்னு போட்டுக் காமிச்சுட்டோம். பாதியைக் காட்டலன்னா நாளைக்கு அவங்க இன்னா நெனைப்பாங்க?"

"அதை அவங்களையே கேட்டுடலாம். நான் இதுவரைக்கும் கேக்கவே இல்ல."

அத்தா தாடியைத் தடவினார். "அதுவும் சரிதான். போன்ல நானும் கேக்கல" என்றார்.

ஜீனத் சார்ட்டை எடுத்துக்கொண்டு மரத்தடிக்கு வந்தாள். "அக்கா, இன்னைக்கு உங்களுக்கு எங்கெங்க போவணும்? நீங்களே சொல்லுங்க."

பதினோரு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"எதுனாலும் சரி பாப்பா" என்றார் சுரேகா.

"உனக்குத் தெரியாததா?" என்றார் இன்னொருவர்.

"எதுனாலும் சரி" என்று எல்லோரும் சொன்னார்கள். மங்களம் மட்டும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜீனத்துக்கு இது புதுச் சிக்கல். கேட்டால் சொல்லிவிடுவார்கள் என்று நினைத்திருந்தாள். நம்மை யாராவது 'என்ன வேண்டும்' என்று திடீரென்று கேட்டால் நமக்கும் பேச்சு வராதுதானே. அவளுக்கு அம்மாவின் சமையலறை நினைவுக்கு வந்தது. 'இன்னா சமைக்கறது' என்று அம்மா கேட்டால் வீட்டில் யாருக்கும் பதில் தெரியாது. 'கத்தரிக்காய் பண்ணட்டுமா' என்றால் மட்டும் 'வேணாம்' என்று மூன்று குரல் வரும்.

"சரிக்கா. எது வேணாம்னு சொல்லுங்க."

அக்காக்கள் சார்ட்டுக்கு மேல் குனிந்தார்கள். பிறகு சாமுண்டீஸ்வரி, "சொல்லட்டுமா? கோச்சிக்க மாட்டியே?" என்றார்.

"மாட்டேன்."

"மால் வேணாம். அங்க தொங்கறதெல்லாம் சட்டை. ஒரு நாள் லீவுல போய் அதையேதான் பாக்கணுமா?"

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். ஜீனத் சிவப்புப் பேனாவை எடுத்து, மால் மேல் நீளமாக ஒரு கோடு போட்டாள்.

"மெட்ரோ வேணாம். நின்னுக்கினே போவணும்."

கோடு.

"விமானம் வேணாம் பாப்பா. அதுல நாம ஏறப் போறதில்ல. வெயில்ல நின்னு கழுத்துதான் வலிக்கும்."

கோடு.

"கலங்கரை விளக்கம் படி ஏறணுமா? எங்க ஹாஸ்டல்லயே மூணு மாடி."

ஒவ்வொரு கோட்டுக்கும் கைதட்டல். சிவப்பு மை அன்று முதல் முறையாக அவர்களைச் சிரிக்க வைத்தது. அருங்காட்சியகமும் போனது. கடைசியில் கடற்கரை மட்டும் மிச்சம். ஜீனத் பேனாவைத் தூக்கிப் பிடித்தாள்.

"கடல்?"

மங்களம்தான் மெதுவாகச் சொன்னார். "அதை அடிச்சிடாத. நான் கடல் பாத்ததே இல்ல."

"நானும்" என்றார் சாமுண்டீஸ்வரி. அப்புறம் பார்த்தால் ஏழு பேர் பார்த்ததில்லை.

ஜீனத் சார்ட்டைத் திருப்பி, வெள்ளைப் பக்கத்தை மேலே வைத்தாள். அத்தாவைக் கூப்பிட்டாள். இருவரும் கடைசியிலிருந்து பின்னோக்கி விரல் விட்டு எண்ணினார்கள். கேட் ஏழு மணிக்கு. கடற்கரையிலிருந்து அம்பத்தூருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

"அத்தா, பாடி பாலத்துக்கு எவ்ளோ?"

"பாடியா? அங்க லாரிக்காரங்க மனசு வைக்கணும். தனியா ஒரு அரை மணி எடுத்து வைம்மா."

ஜீனத் வெள்ளைத் தாளில் இரண்டே வரி எழுதினாள்.

கடற்கரையிலிருந்து கிளம்புவது: 5.10.

கேட்: 7.00.

"இந்த ரெண்டும் மாறாதுக்கா. மத்தபடி இப்போதிலிருந்து எல்லா நேரமும் உங்களுது" என்றாள். பிறகு கழுத்திலிருந்து விசிலைக் கழற்றி மங்களத்திடம் நீட்டினாள். "இங்கயிருந்து எப்போ கிளம்பலாம்னு தோணுதோ, அப்போ நீங்களே ஊதுங்க."

மங்களம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "என்கிட்டயா? நான் ஊதினதே இல்லையே."

"கஷ்டம் இல்லக்கா. சும்மா ஊதினா வந்துடும்."

"சத்தம் தெரியும். கம்பெனியில ரெண்டு வருஷமா கேட்டுக்கினுதானே கீறேன்" என்று சொல்லி, மங்களம் அதை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

சாமுண்டீஸ்வரி செருப்பை மறுபடி கழற்றினார். இந்த முறை உட்கார்ந்தார். ஐந்து நிமிடத்தில் துப்பட்டாவைத் தலைக்கு வைத்துப் படுத்தார். இன்னும் ஐந்து நிமிடத்தில் குறட்டை கேட்டது. அவருக்குப் பக்கத்தில் இன்னும் மூன்று பேர் படுத்தார்கள். இரண்டு பேர் ஏதோ ஊர்க் கதை பேசிப் பேசிக் கண்ணீர் வரச் சிரித்தார்கள். சுரேகா ஊருக்குப் போன் போட்டு, 'வேலையா? இல்லம்மா, சும்மா உக்காந்துகினு கீறேன்' என்று மூன்று தடவை சொன்னார். அந்த அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை போலிருக்கிறது.

பத்தரை ஆனது. பதினொன்று ஆனது. ஜீனத்தின் கை அடிக்கடி கழுத்துக்குப் போய், அங்கே விசில் இல்லை என்று தெரிந்து திரும்பி வந்தது. சும்மா இருப்பது இவ்வளவு கடினமான வேலை என்று அவளுக்கு இதற்கு முன் தெரியாது. ஒரு நீர்க்காகம் தண்ணீரில் மூழ்கியது. அது எங்கே எழும்பும் என்று பார்த்தாள். நினைத்த இடத்தில் எழும்பவில்லை. அடுத்த முறையும் ஏமாற்றியது. மூன்றாவது முறை அவள் கடிகாரத்தை மறந்துவிட்டாள்.

விசில் சத்தம் கேட்டபோது மணி பன்னிரண்டரை. சத்தம் என்றுகூடச் சொல்ல முடியாது. 'புஸ்' என்று காற்றுதான் வந்தது.

"பசிக்குது" என்றார் மங்களம், வெட்கத்தோடு.

பூந்தமல்லியில் பிரியாணி. இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினார்கள். சாமுண்டீஸ்வரி எலும்பை மென்றுகொண்டே கதை சொன்னார். கை காயும்வரை யாரும் எழுந்திருக்கவில்லை.

நான்கு மணிக்குக் கடற்கரை. மணலில் நடக்கும்போது எல்லோரும் பேசிக்கொண்டே வந்தார்கள். தண்ணீர் அருகே வந்ததும் செருப்பைக் கழற்றினார்கள். மங்களம் சேலையைக் கணுக்காலுக்கு மேலே பிடித்துக்கொண்டு, விசில் நனையாமல் இருக்க அதைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஒவ்வோர் அடியாக உள்ளே போனார். ஒரு பெரிய அலை வந்து முழங்காலில் மோதியது. அவர் அலற, விசில் காது கிழியக் கத்தியது.

பத்துப் பேரும் ஒரே நேரத்தில் விறைத்துத் திரும்பினார்கள். யார் ஊதியது என்று தெரிந்ததும் மணலில் உட்கார்ந்து சிரித்தார்கள். பக்கத்தில் நின்ற சுண்டல் விற்பவரும் காரணம் தெரியாமல் சிரித்தார்.

ஐந்து மணி ஆனதிலிருந்து ஜீனத்துக்கு நிலை கொள்ளவில்லை. மங்களம் அக்கா கையில் கடிகாரம் கிடையாது. அலையைப் பார்த்துக்கொண்டு மறந்துவிட்டால் என்ன செய்வது? கேட் மூடிவிட்டால் இந்தப் பதினோரு பேருக்கும் அடுத்த தடவை என்பதே இல்லை. சொல்லிவிடலாமா என்று இரண்டு முறை வாயைத் திறந்தாள். இரண்டு முறையும் மூடிக்கொண்டாள். விசிலைக் கொடுத்தாயிற்று. கொடுத்ததைப் பாதியில் பிடுங்குவது நன்றாக இருக்காது.

நன்றாக, நீளமாக ஒரு விசில் கேட்டது. மங்களம் கரையேறி வந்துகொண்டிருந்தார்.

"மணி அஞ்சு பத்து ஆயிருக்கணுமே" என்றார்.

ஜீனத் பார்த்தாள். ஐந்து ஒன்பது. "எப்படிக்கா தெரிஞ்சது?"

"மணி எங்களுக்கு உடம்புலயே ஓடும், பாப்பா."

பாடி பாலத்துக்கு அடியில் ஒரு லாரி பழுதாகி நடுவில் நின்றிருந்தது. வண்டிகள் எறும்பாக ஊர்ந்தன. அத்தா கண்ணாடியில் ஜீனத்தைப் பார்த்து, "நம்ம அரை மணியை லாரிக்காரன் சாப்பிட்டுக்கினு கீறான்" என்றார். அக்காக்கள் கழுத்தை நீட்டி முன்னால் பார்த்தார்கள். சாப்பிட்டு முடித்தபோது அவன் கொஞ்சம் மிச்சம் வைத்திருந்தான்.

ஹாஸ்டல் வாசலில் வேன் நின்றபோது மணி ஆறு ஐம்பத்திரண்டு. காவலாளி துலுக்கானம் கேட்டில் கை வைத்தபடி நின்றிருந்தார்.

"இன்னாம்மா, ஊரெல்லாம் சுத்தியாச்சா? இன்னா இன்னா பாத்தீங்க?"

அத்தா ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே காது கொடுத்தார். ஜீனத் மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். ஒன்பது இடங்களில் நான்கைத்தான் பார்த்திருக்கிறார்கள். அதில் ஒன்று டிபன் கடை.

"கடல் பாத்தோம்" என்றார் மங்களம்.

"நான் ஏரிக்கரையில தூங்கினேண்ணே" என்றார் சாமுண்டீஸ்வரி. ஏதோ பரிசு வாங்கியவர் மாதிரி முகமெல்லாம் சிரிப்பு. "ரெண்டு மணி நேரத்துக்கு மேல. ஒருத்தரும் எழுப்பல."

கேட் மூடியது. வீட்டுக்கு வந்து வேனைப் பெருக்கும்போதுதான் ஜீனத்துக்கு விசில் ஞாபகம் வந்தது. அது மங்களத்தின் கழுத்திலேயே போய்விட்டது.

புதன்கிழமை இரவு சுரேகா போன் செய்தார். அத்தா போனை ஜீனத்திடம் கொடுத்தார்.

"பாப்பா, எங்க பக்கத்து ரூம்ல பன்னெண்டு பேருக்கு வர்ற மாசம் பர்மிஷன் கெடைச்சிருக்கு. உங்க வேன்தான் வேணுமாம். அன்னைக்கு நடந்ததை எல்லாம் அவங்ககிட்ட நாங்க சொல்லிட்டோம்."

"சரிக்கா. அந்த விசிலு..."

"அது மங்களம்கிட்ட இல்ல. பக்கத்து ரூம்காரங்க இப்பவே வாங்கி வெச்சுக்கினாங்க. அவங்கள்ல யாரு ஊதறதுன்னு ரெண்டு நாளா சண்டை நடக்குது."

ஜீனத் புதிய தாள் ஒன்றை எடுத்தாள். 'கேட்: 7.00' என்று அடியில் எழுதினாள். அதற்கு மேலே 'பாடி பாலத்துக்கு அரை மணி' என்று எழுதினாள்.

பிறகு அளவுகோலைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, மீதித் தாளை அப்படியே வெள்ளையாக விட்டாள்.